நிகர விற்பனை மறைப்பது என்ன?
டி. கல்லுப்பட்டியை முன்வைத்து, விற்றதும் திரும்பியதும் பற்றிய ஓர் ஆய்வு

1. கேள்வி

ஒரு கடையின் விற்பனை எவ்வளவு என்று கேட்டால் ஒரே ஓர் எண் பதிலாக வருகிறது. கடைக்காரர் சொல்வதும், வங்கி கேட்பதும், வரித் துறை பதிந்துகொள்வதும், அரசின் ஆண்டறிக்கையில் அச்சாவதும் அந்த ஓர் எண்தான். அதற்குள் மூன்று நிகழ்வுகள் அடங்கியிருக்கின்றன. சரக்கு ஒருவர் கைக்குப் போனது முதலாவது. போன சரக்கில் ஒரு பகுதி திரும்பி வந்தது இரண்டாவது. திரும்பியது போக மிஞ்சியது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் நிகர விற்பனை என்கிறோம். வணிகவியல் பாடநூல்கள் இதையே சரியான எண்ணாகக் கற்பிக்கின்றன. மொத்த விற்பனை மிகைப்படுத்தும், நிகர விற்பனை உண்மை பேசும் என்பது பொதுவான புரிதல்.

இந்தப் புரிதல் பாதிதான் சரி என்பது என் வாதம். மொத்தத்திலிருந்து திரும்பியதைக் கழிப்பது அவசியம். ஆனால் கழித்த பிறகு அந்த எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டால் வாங்கியவர் சொன்ன பதிலே அழிந்துபோகிறது. ஒரு பொருளைப் பற்றி வாங்கியவர் தரும் நேர்மையான தகவல், அவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார் என்பதுதான். அதை ஒரு கழித்தல் குறிக்குள் புதைப்பது கணக்கியல் வசதி, அவ்வளவே. அதை அறிவு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

2. தணிக்கையாளர் தங்கிய ஊர்

இந்தக் கேள்வியை டி. கல்லுப்பட்டியிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில், திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் நெடுஞ்சாலையில் உள்ள இந்தப் பேரூரில் 1940இல் கோ. வேங்கடாசலபதி காந்தி நிகேதன் ஆசிரமத்தை நிறுவினார். கதரும் கிராமத் தொழில்களும் ஆதாரக் கல்வியும் அங்கே ஒன்றாக நடந்தன. ஜே.சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழிக்கத் தேர்ந்துகொண்ட இடமும் அதுவே.

குமரப்பாவைக் காந்தியப் பொருளியலாளர் என்று அறிமுகப்படுத்துவது வழக்கம். அவருடைய அடிப்படைத் தொழில் தணிக்கை என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் கணக்காயராகப் பயிற்சி பெற்றவர், பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தியவர். பிறகு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் படித்து, 1929இல் காந்தியைச் சந்தித்தார். காந்தி அவருக்குத் தந்த முதல் பெரிய வேலை குஜராத்தின் மாத்தர் வட்டத்தில் ஊர் ஊராகப் போய்க் குடும்பங்களின் வரவு, செலவு, கடன் நிலையைக் கணக்கெடுப்பது. 1934இல் பீகார் நிலநடுக்க நிவாரணக் கணக்குகளை மேற்பார்த்தவரும் அவரே. அதே ஆண்டு தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளரானார். 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார்.

பணத்தைப் பற்றி அவர் வலியுறுத்திய ஒரு கருத்து நம் விவாதத்துக்கு நேராகப் பொருந்துகிறது. காசு வைத்திருப்பவர் காத்திருக்கலாம், அழுகும் பொருளை வைத்திருப்பவர் காத்திருக்க முடியாது. ஆகவே காசும் பொருளும் கைமாறும் இடத்தில் இருவரும் சம நிலையில் நிற்பதில்லை என்றார். வாங்கியதைத் திருப்பித் தரும் உரிமையை இந்தக் கோணத்தில் பார்த்தால் அது வெறும் வாடிக்கையாளர் வசதியாகத் தெரியாது. சரக்கின் இழப்பை யார் தாங்குவது என்ற கேள்வியாகத் தெரியும். கணக்குப் புத்தகத்தில் திரும்பிய சரக்கு எங்கே பதியப்படுகிறது என்பதை வைத்து அந்த இழப்பு யார் தலையில் விழுந்தது என்று சொல்லிவிடலாம்.

3. ஒரே நிகரம், இரண்டு கடைகள்

ஓர் எடுத்துக்காட்டு, எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஒரே தெருவில் இரண்டு ஜவுளிக் கடைகள். முதல் கடை ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு விற்றது, எதுவும் திரும்பவில்லை. இரண்டாவது 13 லட்சத்துக்கு விற்றது, 3 லட்சம் திரும்பியது. இரண்டுக்கும் நிகர விற்பனை 10 லட்சமே. வங்கி மேலாளருக்கு இரண்டும் ஒன்று. ஆனால் இரண்டாவது கடையில் 3 லட்சம் மதிப்புள்ள சரக்கு ஒரு முறை வெளியே போய், பிரிக்கப்பட்டு, உடுத்திப் பார்க்கப்பட்டு, மறுபடி மடிக்கப்பட்டு அலமாரிக்கு வந்திருக்கிறது. சிலதில் மடிப்புக் குலைந்திருக்கும், சிலதில் வாசனை ஏறியிருக்கும். பண்டிகை முடிந்து திரும்பிய சட்டையை அடுத்த பண்டிகை வரை வைத்திருக்க வேண்டும். அந்தச் செலவு எதுவும் நிகர விற்பனையில் தெரியாது.

அடுத்து, எதைக் கொண்டு விகிதம் காண்பது? தலா நூறு பில்களில் தலா 2 லட்சம் ரூபாய்க்கு விற்ற வேறு இரண்டு கடைகளைக் கொள்வோம். ஒரு கடையில் 12,000 ரூபாய்ப் பட்டுச் சேலைகள் இரண்டு திரும்பின. மதிப்பில் 12 சதவீதம், பில் எண்ணிக்கையில் 2 சதவீதம். இன்னொரு கடையில் 300 ரூபாய்க் குழந்தை உடுப்புகள் இருபது திரும்பின. மதிப்பில் 3 சதவீதம்தான், பில் எண்ணிக்கையில் 20 சதவீதம். இரண்டாவது கடையில் ஐந்து வீட்டில் ஒரு வீடு மனக்குறையுடன் படியேறி வந்திருக்கிறது. அளவு தவறாக ஒட்டப்பட்ட ஒரு கட்டுச் சரக்கு வந்திருக்கலாம். மதிப்பை மட்டும் பார்க்கும் முதலாளி முதல் கடைக்காகக் கவலைப்படுவார், இரண்டாவதைக் கவனிக்க மாட்டார். எண்ணிக்கையும் மதிப்பும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைப் படித்தால் தவறான முடிவுக்குத்தான் போவோம்.

4. எந்த மாதத்துச் சரக்கு?

இதைவிட நுட்பமான பிழை காலத்தைப் பற்றியது. தீபாவளி அக்டோபர் இறுதியில் வரும் ஓர் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் விற்பனை 12 லட்சம், நவம்பர் விற்பனை 3 லட்சம். அக்டோபரில் எதுவும் திரும்பவில்லை. நவம்பரில் 75,000 ரூபாய்ச் சரக்கு திரும்பியது. அதில் 60,000 ரூபாய்க்கானது தீபாவளிக்கு வாங்கியது, 15,000 ரூபாய்க்கானது நவம்பரிலேயே வாங்கியது.

மாதக் கணக்குப்படி அக்டோபரில் ரிட்டன் விகிதம் பூஜ்யம், நவம்பரில் 25 சதவீதம். நவம்பரில் விற்ற பையன் மீது பழி விழும், நவம்பரில் சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரியிடம் சண்டை வரும். விற்ற மாதத்தோடு சேர்த்துப் பார்த்தாலோ அக்டோபர்ச் சரக்கில் 60,000 திரும்பியது, 5 சதவீதம். நவம்பர்ச் சரக்கில் 15,000 திரும்பியது, அதுவும் 5 சதவீதம். இரண்டு மாதத்துக்கும் வித்தியாசமே இல்லை. ஒவ்வொரு ரிட்டனையும் அது பிறந்த பில்லோடு கட்டிவைத்தால்தான் இந்தக் கணக்கு கிடைக்கும். டாலி போன்ற கணக்கு மென்பொருளில் திரும்பிய சரக்குக்குக் கிரெடிட் நோட் போடும்போது மூல பில்லின் எண்ணைக் குறிக்க இடம் உண்டு. பல கடைகளில் அந்தக் கட்டம் நிரப்பப்படாமலே போகிறது. கேட்டால் நேரமில்லை என்பார்கள். கூட்டம் நிற்கும்போது அது உண்மைதான்.

பண்டிகையும் வெள்ளாமையும் சேர்ந்து விற்பனையைத் தீர்மானிக்கும் கரிசல் வட்டாரத்தில் இந்தக் காலப் பிழை நகரத்தைவிடப் பெரிதாக வரும். ஆண்டு முழுவதும் ஒரே சீராக விற்கும் கடைக்கு மாதக் கணக்கு பெரிய தீங்கு செய்யாது. இரண்டு மாதத்தில் ஆண்டின் பாதியை விற்கும் கடைக்கு அது முழுப் பொய்யாகிவிடும்.

5. திரும்பாத சரக்கு எதற்குச் சான்று?

ரிட்டன் விகிதம் குறைவாக இருந்தால் வாடிக்கையாளர் திருப்தியாக இருக்கிறார் என்று நிர்வாகவியல் நூல்கள் பொருள் கொள்கின்றன. நம் கடைவீதியில் இது அப்படியே செல்லாது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்த கடையில் ரிட்டன் பூஜ்யமாகத்தான் இருக்கும். அந்தப் பூஜ்யம் தரத்தின் அளவு அல்ல, கடையின் விதியின் அளவு.

நடுவில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது, மாற்றித் தருவது. “பில் இருக்கா? டேக் கழட்டலையே? மாத்திக்கலாம்க்கா, காசாத் திருப்பித் தர்றதில்ல.” மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைகளிலும், திருமங்கலத்திலும், கல்லுப்பட்டியிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். மாற்றுச் சரக்கின் விலை கூடுதலாக இருந்தால் வித்தியாசத்தை வாங்கிக்கொள்வார்கள். குறைவாக இருந்தால் ஒரு கைக்குட்டையோ உள்பாவாடையோ எடுத்துக் கணக்கை நேர் செய்யச் சொல்வார்கள். பழைய பில்லின் பின்னால் பேனாவில் ஒரு வரி எழுதப்படும், பேரேட்டில் ஒன்றும் ஏறாது. ஆண்டு இறுதியில் ரிட்டன் இல்லை என்ற நிலை காகிதத்தில் உண்மையாகிவிடும். அந்த வீட்டுக்கு எத்தனை முறை தவறான அளவு போனது என்பது கடைக்குத் தெரியாது, உற்பத்தியாளருக்குத் தெரிய வழியே இல்லை.

விளைபொருள் வணிகத்தில் இதே காரியம் வேறு பெயரில் நடக்கிறது. கமிஷன் மண்டியில் யாரும் காய்கறியைத் திருப்பி அனுப்புவதில்லை, எடையில் கழிவு பிடித்துக்கொள்கிறார்கள். கெட்டுப்போகக்கூடிய பங்கை முன்கூட்டியே கணித்து விளைவித்தவரின் பங்கிலிருந்து எடுத்துவிடுவதுதான் கழிவு. குமரப்பா சொன்ன சமமின்மை இங்கே ஒரு சதவீதமாகவே நிற்கிறது. ரிட்டன் இல்லாத வணிகம் என்று எதுவும் இல்லை. அது விலையிலோ எடையிலோ இனி அந்தக் கடைக்கு வராத வாடிக்கையாளரிடமோ ஒளிந்திருக்கிறது.

ஆகவே ரிட்டன் விகிதத்தைத் தனியே படிக்கக் கூடாது என்று நினைக்கிறேன். கூடவே மறுமுறை வாங்கியவர் விகிதமும் வேண்டும். சரக்கைத் திருப்பிய வாடிக்கையாளர் அடுத்த ஆண்டும் வந்தால் அந்த ரிட்டன் கடைக்கு நல்லதே செய்திருக்கிறது. எதையும் திருப்பாமல் போனவர் பிறகு வரவே இல்லை என்றால், பூஜ்ய ரிட்டனைக் கண்டு மகிழ ஒன்றுமில்லை. சிற்றூர்க் கடைக்கு இதை அளக்கத் தனி மென்பொருள் தேவையில்லை. பாக்கி நோட்டிலேயே பாதி விவரம் இருக்கிறது.

6. சட்டமும் வரிப் படிவமும்

சட்டம் வாங்குபவரின் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. பில்லில் காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற வேண்டும். பிடிக்கவில்லை என்று திருப்புவதற்கு இந்தப் பிரிவு உரிமை தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குறை இருந்தால் மட்டுமே.

கணக்கியல் விதியும் நகர்ந்திருக்கிறது. 2018 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்களுக்கு நடப்பில் உள்ள இந்தியக் கணக்கியல் தரநிலை 115, திரும்பக்கூடும் என்று எதிர்பார்க்கும் பங்கை வருமானமாகக் காட்டவே கூடாது என்கிறது. அதைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பாகத் தனியே வைக்க வேண்டும். விற்ற அன்றே ரிட்டனை மதிப்பிட வைக்கும் இந்த விதி நியாயமானது.

வரிப் படிவம் இதற்கு எதிர்த் திசையில் போகிறது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 34ஆவது பிரிவு ரிட்டனுக்குக் கிரெடிட் நோட் வழங்க வழி செய்கிறது. அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30, அல்லது ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் அதைக் காட்டிவிட வேண்டும். பதிவு பெற்ற வணிகருக்கு விற்றிருந்தால் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் அந்த நோட்டு தனித்தனியாக ஏறும். சாதாரண நுகர்வோருக்கு உள்ளூரில் விற்றதோ 7ஆம் அட்டவணையில் கிரெடிட் நோட்டுகளைக் கழித்த நிகரமாக மட்டும் ஏறுகிறது. தறிக்காரர் மொத்த வியாபாரிக்கு அனுப்பித் திரும்பிய ஒரு கட்டுத் துணி நாட்டின் தரவில் இருக்கிறது. கல்லுப்பட்டியில் ஒரு தாய் திருப்பிக் கொடுத்த பள்ளிச் சீருடை அதில் இல்லை. தொகுப்புத் திட்டத்தில் சேர்ந்து விற்றுமுதலில் 1 சதவீதம் கட்டும் சிறு வணிகரிடம் பில்வாரி விவரமே கேட்கப்படுவதில்லை. வரி வசூலுக்கு இது போதும். நுகர்வைப் பற்றிய ஆய்வுக்குப் போதாது.

அமெரிக்காவில் தேசியச் சில்லறை வணிகர் கூட்டமைப்பு ஆண்டுதோறும் ரிட்டன் மதிப்பீட்டை வெளியிடுகிறது. 2023இல் விற்பனையில் 14.5 சதவீதம், அதாவது 743 பில்லியன் டாலர்ச் சரக்கு திரும்பியதாக அது மதிப்பிட்டது. வணிகர்களிடம் கேட்டுப் பெற்ற மதிப்பீடு என்பதால் அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது என்பது முக்கியம்.

7. கடைக்குப் போனதா, வீட்டுக்குப் போனதா?

திரும்பிய சரக்கைப் பற்றிய மிகப் பெரிய குழப்பம் உற்பத்தியாளருக்கும் கடைக்கும் நடுவே இருக்கிறது. நிறுவனம் டீலருக்கு அனுப்பியவுடன் விற்றதாக எழுதிக்கொள்கிறது. டீலரின் கிடங்கில் இருப்பது யார் வீட்டுக்கும் போகாத சரக்கு. அமெரிக்காவின் சன்பீம் நிறுவனம் 1997இல் இதைத்தான் செய்தது. பருவத்துக்கு முன்பே அடுப்புகளைத் தள்ளுபடியில் கடைகளுக்குத் தள்ளி, விற்காவிட்டால் திருப்பலாம் என்ற உரிமையும் தந்துவிட்டு, அனைத்தையும் அந்த ஆண்டு விற்பனையாகக் காட்டியது. 1998இல் கணக்கைத் திருத்தி வெளியிட நேர்ந்தது, 2001இல் திவால் மனு கொடுத்தது.

அதில் மோசடி இருந்தது. மோசடி எதுவும் இல்லாமலே இதே வடிவம் மானாவாரிக் கரிசலில் ஆண்டுதோறும் நடக்கிறது. பருத்தி, மக்காச்சோள விதைகள் விதைப்புக்கு முன்பே உரக்கடைகளுக்கு வந்து இறங்கிவிடும். புரட்டாசி, ஐப்பசியில் மழை சரியாக விழுந்தால் விற்றுத் தீரும். விழாவிட்டால் பாக்கெட் பாக்கெட்டாக நிற்கும். விதைக்கு முளைப்புத் திறன் ஆயுள் உண்டு. சான்று விதையின் செல்லுபடிக் காலம் பரிசோதனை நாளிலிருந்து 9 மாதம், மறுபரிசோதனையில் தேறினால் இன்னும் 6 மாதம். பருவம் தவறிய விதை நிறுவனத்துக்குத் திரும்ப வேண்டும், அல்லது கடைக்காரர் கையைக் கடிக்க வேண்டும். ஆவணியில் அந்த நிறுவனம் காட்டிய விற்பனை, மார்கழி வரை பொறுத்தால்தான் விற்பனையா இல்லையா என்று தெரியும். விதையின் ரிட்டன் கணக்கை வட்டார வாரியாகத் தொகுத்தால், பயிர்ப் பரப்பு அறிக்கைகளுக்கு முன்பே எங்கே விதைப்பு நின்றுபோனது என்று சொல்லிவிடலாம். இதை நிறுவனங்கள் தமக்குள் வைத்திருக்கின்றன. வேளாண்மைத் துறை கேட்டுப் பெற வேண்டிய தகவல் இது.

உரத்தில் அரசு இந்தப் பாடத்தைக் கற்றது. முன்பு உர மூட்டை மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தவுடன் மானியத்தின் பெரும்பகுதி நிறுவனத்துக்குப் போய்விடும். 2018 மார்ச்சுக்குள் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்ட நேரடி மானிய முறையில், கடையில் உள்ள கருவியில் விவசாயி விரல் வைத்து வாங்கிய பிறகே அந்த மூட்டைக்கு மானியம். விற்பனை எந்த இடத்தில் முடிகிறது என்ற வரையறையை மாற்றியதே இந்தச் சீர்திருத்தத்தின் மையம். கருவியின் கோளாறு, ஆதார் சிக்கல், ஒருவர் பெயரில் இன்னொருவர் வாங்குவது என்று குறைகள் உண்டு. ஆயினும் திசை சரி.

பத்திரிகை உலகம் இதை வெகு முன்னதாகவே கண்டுகொண்டது. 1948இல் தொடங்கிய பத்திரிகை விற்பனைத் தணிக்கைக் குழு, அச்சிட்ட படிகளை எண்ணாமல், ஏஜெண்டிடமிருந்து திரும்பிய படிகளைக் கழித்தே சான்று தருகிறது. சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு ரிட்டன் கட்டின் கனம் தெரியும். அவர்கள் அச்சிட்ட எண்ணிக்கையை விற்பனை என்று சொல்வதில்லை.

இணைய வணிகத்தில் நிலைமை மோசம். மொத்தச் சரக்கு மதிப்பு என்ற பெயரில் அறிவிக்கப்படும் எண்ணுக்கு ஒரே வரையறை இல்லை. ரத்தான ஆர்டர், வாசலில் வாங்க மறுத்த பார்சல், பிரித்துப் பார்த்துத் திருப்பியது ஆகிய மூன்றும் அதில் சேர்ந்திருக்கலாம். வாசலில் மறுப்பதும் வாங்கிய பிறகு திருப்புவதும் வேறு வேறு காரியங்கள். முதலாவதில் வாங்குபவர் பொருளைப் பார்க்கவே இல்லை. பார்சல் வந்த அன்று கையில் காசில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் ஒரே ரிட்டன் என்ற தலைப்பில் சேர்ப்பது இரண்டையும் தெரிந்துகொள்ள விடாது.

8. கதர் விற்பனை என்னும் எண்

இனி கல்லுப்பட்டியின் சொந்தப் பொருளுக்கு வருவோம். கதர் மற்றும் கிராமத் தொழில் ஆணையம் வெளியிட்ட எண்களின்படி, கதர்த் துணி உற்பத்தி 2013-14இல் 811 கோடி ரூபாய், விற்பனை 1,081 கோடி. 2023-24இல் உற்பத்தி 3,206 கோடி, விற்பனை 6,496 கோடி. பத்தாண்டில் விற்பனை ஆறு மடங்கானது என்று செய்திகள் வந்தன. மகிழத்தக்க வளர்ச்சிதான். இந்த நான்கு எண்களையும் பக்கத்தில் வைத்து வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. முதல் ஆண்டில் உற்பத்தியைப் போல விற்பனை 1.33 மடங்கு. கடைசி ஆண்டில் 2.03 மடங்கு.

இதற்குப் பல விளக்கங்கள் இருக்க முடியும். உற்பத்தியை அடக்க விலையிலும் விற்பனையைச் சில்லறை விலையிலும் மதித்திருந்தால், இடையில் உள்ள லாபப் பங்கு விரிந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் நூற்பவருக்கும் நெய்பவருக்கும் அதில் எவ்வளவு போனது என்று கேட்க வேண்டும். பழைய இருப்பு கரைந்திருந்தால் அது ஓரிரு ஆண்டுக்கு மேல் நீடிக்காது. ஒரு கதர்ச் சங்கம் இன்னொரு சங்கத்துக்கு மொத்தமாக விற்றதும், அது நுகர்வோருக்கு விற்றதும் இரண்டு விற்பனையாக ஏறியிருந்தால் ஒரே முழம் துணி இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது. இவற்றுள் முதலாவதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் ஊகம். அறிவிக்கப்பட்ட எண்களில் உற்பத்தி, விற்பனை, வேலைவாய்ப்பு மூன்றும் உண்டு. தள்ளுபடி, கடன் விற்பனை, கிளையிலிருந்து திரும்பிய சரக்கு ஆகியவற்றுக்குத் தனிப் பத்தி இல்லாததால் ஊகத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

கதரில் இந்தப் பத்திகள் மற்றத் துணியைவிட அதிகம் தேவை. தமிழ்நாட்டில் காந்தி ஜெயந்தியன்று மாவட்ட ஆட்சியர்கள் சிறப்பு விற்பனையைத் தொடங்கிவைக்கிறார்கள். மாவட்டத்துக்கு விற்பனை இலக்கு உண்டு. பருத்திக் கதருக்கு 30 சதவீதம் தள்ளுபடி, அரசு ஊழியர்களுக்குத் தவணைக் கடன். ஆகவே இலக்கை எட்டிய விற்பனைக்குள் தள்ளுபடியும் கடனும் அலுவலகத் தயவும் கலந்திருக்கின்றன. இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. நெசவாளருக்கு இந்த ஆதரவு வேண்டும். ஆனால் எந்தத் தள்ளுபடியும் இல்லாத மாதத்தில் தாமாக வந்து கதர் வாங்கியவர் எத்தனை பேர் என்பது தனி எண்ணாக வந்தால்தான் கதருக்கு நிலையான வாடிக்கை இருக்கிறதா என்று தெரியும்.

மானியம் எதன்மேல் தொங்குகிறதோ அந்த எண் வீங்கும் என்பதை மத்திய அரசும் உணர்ந்திருந்தது. விற்பனைமீது கொடுத்துவந்த தள்ளுபடி மானியத்தை 2010 ஏப்ரல் முதல் உற்பத்தி மதிப்பின்மேல் 20 சதவீதச் சந்தை மேம்பாட்டு உதவியாக மாற்றி, அதில் கால் பங்கு கைவினைஞருக்கு என்று ஒதுக்கியது. விற்பனை எண்ணை உப்பவைக்கும் தூண்டுதல் இதனால் குறைந்தது. உற்பத்தி எண்ணை உப்பவைக்கும் தூண்டுதல் அந்த இடத்துக்கு வந்தது. விற்காத துணியும் உற்பத்திதானே.

காந்தியே விற்பனை எண்ணோடு மல்லுக்கு நின்றவர் என்பதை மறந்துவிடுகிறோம். அகில இந்திய நூற்போர் சங்கம் 1925இல் தொடங்கியது. 1935இல் நூற்பவருக்கு வாழ்க்கைக் கூலி தர வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தபோது கதர் விலை ஏறும், விற்பனை குறையும் என்று சங்கத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. 1940களின் நடுவில் இன்னும் ஒரு படி போய், கதர் வாங்குபவர் விலையில் ஒரு சிறு பகுதியைத் தாம் நூற்ற நூலாகத் தர வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தார். எந்த விற்பனை மேலாளரும் இதைச் செய்ய மாட்டார். நகரத்துக் கடையில் எவ்வளவு விற்றது என்பதைவிடக் கிராமத்தில் எத்தனை வீடு தன் துணியைத் தானே நூற்று உடுத்தியது என்பதே தம் இயக்கத்தின் அளவுகோல் என்று அவர் முடிவு செய்திருந்தார். அந்த விதி நடைமுறையில் வெற்றி பெறவில்லை. அளவுகோலைத் தேர்ந்த விதத்தில் அவர் தெளிவாக இருந்தார்.

9. எதிர்வாதங்கள்

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. இரண்டு பேர் நிற்கும் கடையில் இத்தனை பத்திகளை யார் எழுதுவது என்பது முதலாவது. ஐந்து விவரம் போதும்: விற்ற பில் எண், திரும்பிய நாள், பொருள், காரணம், பணமா மாற்றா என்பது. காரணத்தை அளவு, சாயம், கிழிசல், பிடிக்கவில்லை என்று நான்காகக் குறித்தாலே போதும். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஓர் ஆண்டு அடங்கும். கிழிசல் என்ற ஒரே காரணம் ஒரே ஊர்த் தறியிலிருந்து வந்த சரக்குக்கு அடிக்கடி விழுந்தால் அடுத்த கொள்முதலில் பேச ஆதாரம் கிடைக்கும்.

இரண்டாவது மறுப்பு கடினமானது. ரிட்டன் எண்ணை வெளியிட்டால் அதையே இலக்காக்கிவிடுவார்கள். குறைந்த ரிட்டனுக்குப் பரிசு என்றால் விற்பனையாளர் வாடிக்கையாளரை வாசலிலேயே திருப்பி அனுப்பக் கற்றுக்கொள்வார். இந்த ஆபத்து மெய்யானது. அதனால்தான் ரிட்டன் விகிதத்துக்குப் பரிசும் தண்டனையும் வைக்கக் கூடாது என்கிறேன். அது உற்பத்தியாளருக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி. விற்பனையாளரின் மதிப்பெண் ஆகக் கூடாது.

வணிக ரகசியம் என்ற மூன்றாவது மறுப்பு தனியார் கடைக்குப் பொருந்தும். பொதுப் பணத்தில் மானியம் பெறும் அமைப்புக்குப் பொருந்தாது.

ஆகவே கோரிக்கை கதர் ஆணையத்துக்கும் தமிழ்நாடு கதர் கிராமத் தொழில் வாரியத்துக்கும்தான். அடுத்த ஆண்டறிக்கையில் விற்பனை என்ற ஒற்றைப் பத்தியை உடையுங்கள். நுகர்வோருக்கு நேராக விற்றது, பிற சங்கங்களுக்கு விற்றது, தள்ளுபடியாகக் கொடுத்தது, கடனாக நிற்பது, திரும்பி வந்தது என்று ஐந்தாக அச்சிடுங்கள். இந்த விவரங்கள் ஒவ்வொரு கதர் பவனின் பில் புத்தகத்திலும் ஏற்கெனவே இருக்கின்றன. தொகுத்து வெளியிடத்தான் ஆள் வேண்டும்.